மூடி வைத்த சைலேஜ் கெட்டுப் போகிறதா? எங்கே கெட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள்

பசுந்தீவனத்தை நறுக்கிக் குழியில் அமுக்கி, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைத்துச் சேமிப்பதுதான் சைலேஜ். குழியைப் பிரித்ததும் கறுத்துப் போன சைலேஜ் கண்ணில் பட்டால் பழி நேராக மேலே மூடிய பிளாஸ்டிக் ஷீட்டின் மேல்தான் போகிறது. அடுத்த தடவை இன்னும் தடிமனாக வாங்கலாம் என்று முடிவு செய்துவிட்டு விஷயத்தை அத்தோடு விட்டுவிடுகிறோம். ஆனால் கிழியாத, நல்ல ஷீட்டின் நடுப்பகுதி வழியாகப் போகும் காற்று கொஞ்சம்தான். ஓரம், இரண்டு ஷீட் சேரும் இடம், சுவரை ஒட்டிய பகுதி, எலி போட்ட ஓட்டை, தினமும் தீவனம் எடுக்கும் வெட்டுமுகம், காற்று உள்ளே போவது பெரும்பாலும் இந்த வழிகளில்தான். அதனால் எவ்வளவு கெட்டது என்று அளப்பதற்கு முன்னால், எந்த இடத்தில், என்ன வடிவத்தில் கெட்டது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். காற்று இல்லாதவரை லாக்டிக் அமில பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக்கி, நல்ல மக்காச்சோள சைலேஜை பி.எச். 4 பக்கத்தில் நிறுத்தி வைக்கிறது (பி.எச். என்பது அமிலத்தன்மையின் அளவு, எண் ஏறினால் அமிலம் குறைகிறது என்று அர்த்தம்). காற்று வந்ததும் முதலில் கிளம்புவது ஈஸ்ட். அது அந்த அமிலத்தையே தின்று சூட்டைக் கிளப்பும், பி.எச். ஏறும், அதற்கப்புறம்தான் பூஞ்சையும் அழுகல் பாக்டீரியாவும் வருகின்றன. அதாவது சூடு முதலில், பூஞ்சை பிறகு. பூஞ்சை கண்ணுக்குத் தெரிகிறது என்றால் காற்று போக ஆரம்பித்து நாளாகிவிட்டது.

சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நீளக் கம்பி உள்ள தெர்மாமீட்டர், பி.எச். தாள், சைலேஜ் டேப், ஒரு கத்தி போதும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: உயரமான வெட்டுமுகத்தின் அடியில் போய் நின்றுகொண்டு சோதிக்காதீர்கள். அது எச்சரிக்கை இல்லாமல் சரியும். ஆள் உயரத்துக்கு மேல் இருந்தால் அந்த உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரம் தள்ளி நிற்பது நல்லது. மாதிரி வேண்டுமென்றால் இயந்திரத்தால் எடுத்துத் தள்ளிக் கொட்டிய குவியலிலிருந்து எடுங்கள்.

மூடிய ஓரிரு நாளில் ஷீட் பலூன் மாதிரி உப்பி நிற்கிறது

இது பிழையே இல்லை. நொதித்தலில் கார்பன் டை ஆக்ஸைடு உண்டாகிறது, ஷீட் உப்பினால் நன்றாக அடைத்திருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். கத்தியை எடுத்து ஓட்டை போட்டு விடாதீர்கள், ஓரத்தைத் தூக்கியும் விடாதீர்கள். சில நாளில் தானாக அமுங்கும். காற்று பலமாக வீசி ஷீட்டைத் தூக்கிவிடும் என்று பயமாக இருந்தால் மேலே பாரம் கூட்டுங்கள், அவ்வளவுதான்.

இதில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. வறட்சியில் வாடிய பயிரையோ தழைச்சத்து அதிகம் போட்ட பயிரையோ வெட்டிப் போட்டிருந்தால், முதல் மூன்று வாரத்துக்குள் நைட்ரஜன் டை ஆக்ஸைடு வரக்கூடும். செம்மஞ்சள் புகை மாதிரி, பிளீச்சிங் பவுடர் வாசனையோடு, காற்றைவிடக் கனமாக இருப்பதால் தாழ்வான இடத்தில் தேங்கி நிற்கும். நுரையீரலை அரித்துவிடும், உயிரே போகும். அந்த வாசனை வந்தால் ஆட்களும் மாடுகளும் விலகிவிட வேண்டும், ஷீட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மேல்பகுதி முழுக்க ஒரே சீராக ஓர் அடுக்கு கறுத்து வழவழப்பாக இருக்கிறது

இடம் பார்க்காமல் மேலே பரவலாகக் கெட்டிருந்தால் மூன்று காரணங்களைச் சந்தேகிக்கலாம்.

ஒன்று, மூடத் தாமதம். குழி நிரம்பிய அன்றே மூட வேண்டும். காலையில் வந்து மூடிக்கொள்ளலாம் என்று விட்ட இரவில் மேல் அடுக்கு மூச்சு விட்டுக்கொண்டே சர்க்கரையை எரித்துவிடுகிறது, பிறகு அமிலமாக மாறச் சர்க்கரை மிச்சமிருக்காது.

இரண்டு, மேல் அடுக்கை மிதித்தது போதவில்லை. கீழே நன்றாக இறுகியிருக்கும், கடைசி அடுக்குகள் போடும்போது எல்லாரும் களைத்துப் போயிருப்பார்கள். விரலை நுழைத்துப் பாருங்கள். சுலபமாக உள்ளே போனால் அது மூடியின் குற்றம் இல்லை, இறுக்கத்தின் குற்றம். ஒரு கன மீட்டரில் ஈரத்தோடு 700 கிலோவாவது இருக்க வேண்டும் என்பது பெரிய குழிகளுக்கான இலக்கு. ஒவ்வொரு தடவையும் 15 செ.மீ.க்கு மேல் பரப்பாமல் மிதித்துக்கொண்டே வந்தால்தான் அது சாத்தியம்.

மூன்றாவதுதான் ஷீட்டின் தரம். கட்டட வேலைக்கு விற்கிற பாலிதீனை வாங்கிப் போட்டால் வெயிலில் சில மாதத்தில் நொறுங்கும், ஏனென்றால் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்க்கை அதில் இருக்காது. சைலேஜுக்கென்றே வருகிற 125 முதல் 150 மைக்ரான் ஷீட்தான் சரி. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு என்றால் வெள்ளை வெளியே இருக்கட்டும். பாலிதீன் சூடாக ஆக அதன் வழியாகக் கசியும் ஆக்ஸிஜனும் கூடும், வெள்ளைப் பக்கம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பலர் தலைகீழாகப் போட்டிருப்பதைப் பார்க்கலாம், கறுப்புதான் வெயிலுக்குத் தாங்கும் என்று ஒரு நினைப்பு. தார்ப்பாயும் ஷீட்டுக்கு மாற்று இல்லை. நெய்த தார்ப்பாய் பாதுகாப்புக்கு மேலே போடத்தான் உதவும், காற்றை அடைக்க அதை நம்ப முடியாது.

ஆக்ஸிஜன் தடுப்புப் படலம் என்று 45 மைக்ரான் அளவில் மெல்லியதாக ஒன்று கிடைக்கிறது. சாதாரண பாலிதீனைவிட அதில் ஆக்ஸிஜன் கசிவு மிகமிகக் குறைவு. சைலேஜை ஒட்டி அதை விரித்து அதன்மேல் வழக்கமான ஷீட்டைப் போட வேண்டும். மேலே சொன்ன இரண்டையும் சரிசெய்த பிறகு இதற்குச் செலவழித்தால் பலன் தெரியும். அதற்கு முன்னால் செலவழிப்பது வீண்.

நடு நன்றாக இருக்கிறது, சுவரை ஒட்டி மட்டும் கெட்டுப் போகிறது

அதிகம் பேருக்கு வருகிற பிரச்சினை இதுதான், இழப்பும் இங்கேதான் அதிகம். சுவரிலிருந்து ஓரிரு அடி அகலத்துக்கு, மேலிருந்து கீழே இறங்க இறங்கக் குறுகும் முக்கோணமாகக் கெட்டிருக்கும்.

முதல் காரணம் டிராக்டர் சக்கரம் சுவரை ஒட்டிப் போகாதது. நிரப்பும்போது நடுவைத் தாழ்வாகவும் ஓரங்களைக் கொஞ்சம் உயரமாகவும் வைத்துக்கொண்டே வந்தால் சக்கரம் ஓரத்தில் சாய்ந்து மிதிக்கும். நடுவைக் கூம்பாக ஏற்றிக்கொண்டே போனால் ஓரத்தை யாராலும் மிதிக்க முடியாது. கடைசியில் மட்டும் நடு லேசாக உயர்ந்து, ஓரம் சுவர் மட்டத்துக்குச் சமமாக முடிய வேண்டும். சுவருக்கு மேலே ஓரத்தில் குவித்தது மிதிபடாது, கெட்டே போகும். சின்னக் குழியில் ஆளை விட்டு மிதிக்கிறவர்கள் நடுவில் சுற்றுவதைக் குறைத்து ஓரத்தில் அதிகம் சுற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது காரணம் மழைத்தண்ணீர். மேல்ஷீட்டைச் சுவருக்கு உள்ளேயே மடித்து மண் அள்ளிப் போட்டிருந்தால், மேலே விழுகிற மழை முழுக்க நேராகச் சுவருக்கும் சைலேஜுக்கும் நடுவே இறங்கும். தண்ணீர் இறங்கும் வழியில் காற்றும் இறங்கும்.

இரண்டுக்கும் சேர்த்து மருந்து பக்கவாட்டு ஷீட். நிரப்ப ஆரம்பிப்பதற்கு முன்பே சுவரின் உள்பக்கம் அடிவரைக்கும் ஷீட்டைத் தொங்கவிட்டு, மீதியைச் சுவருக்கு வெளியே போட்டு வையுங்கள். நிரப்பி முடித்ததும் வெளியே கிடப்பதை எடுத்து சைலேஜின் மேல் ஒன்று, ஒன்றரை மீட்டர் உள்ளே வரும்படி மடியுங்கள். அதற்கு மேல்தான் பெரிய மேல்ஷீட் வர வேண்டும், அது சுவரைத் தாண்டி வெளியே தொங்க வேண்டும். இப்போது மழை வெளியே போகும், சுவரில் விரிசல் இருந்தாலும் காற்று சைலேஜைத் தொடாது, சைலேஜின் அமிலமும் சிமெண்டை அரிக்காது. சுவர் ஓரம் நெடுக மணல் மூட்டைகளை ஒன்றின் வால் மேல் அடுத்ததன் தலை வரும்படி, இடைவெளி விடாமல் அடுக்குங்கள். பாரத்துக்கு ஷீட் மேல் வைக்கும் பழைய டயரை இந்த வேலைக்கு நம்பாதீர்கள், வட்டமான டயர் ஓரத்தில் தொடர்ச்சியாக அழுத்தாது.

ஏற்கெனவே மூடிவிட்ட குழி என்றால்? உள்ளே இருப்பதைக் கிளறாதீர்கள். ஓரத்தில் மணல் மூட்டை வரிசை போட்டு, மேல்ஷீட் குட்டையாக இருந்தால் இன்னொரு துண்டு ஷீட்டைச் சுவருக்கு வெளியே வழியும்படி சேர்த்து, தண்ணீர் உள்ளே போவதையாவது நிறுத்துங்கள். மண்ணைத் தோண்டிய குழிக்கும் இதே விதிதான், சுற்றிலும் வாய்க்கால் வெட்டி மேட்டுத் தண்ணீரைத் திருப்ப வேண்டும் என்பது மட்டும் கூடுதல் வேலை.

நீளக் கோடு போட்ட மாதிரி ஒரே வரிசையில் கெட்டிருக்கிறது

அங்கே இரண்டு ஷீட் சேர்ந்திருக்கும். ஒன்றின்மேல் ஒன்று ஒரு மீட்டராவது ஏறியிருக்க வேண்டும். மேட்டுப்பக்க ஷீட் மேலே, பள்ளப்பக்க ஷீட் கீழே என்று, கூரை ஓடு வேய்கிற மாதிரி. அந்த இணைப்பின் மேல் இரண்டு வரிசை மூட்டை. டேப் ஒட்டினால் இன்னும் நல்லது, டேப் மட்டும் ஒட்டிவிட்டுப் பாரம் வைக்காமல் விட்டால் பயனில்லை.

அங்கங்கே வட்டமாக, தனித்தனியாகக் கெட்டிருக்கிறது

ஓட்டை. விரல் நுனி அளவு ஓட்டைக்குக் கீழே அதைப் போலப் பல மடங்கு அகலத்துக்கு அழுகியிருக்கும். எலி, காக்கை, நாய், ஆடு ஏறி நடந்த குளம்பு, மூட்டையைத் தரதரவென்று இழுத்த ஆள், டயரின் அறுந்த கம்பி, யாராகவும் இருக்கலாம். ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள். கொறித்தது போலச் சின்னச் சின்னப் பல் தடம் இருந்தால் எலி. நட்சத்திரமாகக் கிழிந்திருந்தால் அலகு. நேராகக் கீறியிருந்தால் நகமோ கம்பியோ.

அடைக்கும் முறை சுலபம், ஆனால் அவசரப்பட்டால் ஒட்டாது. ஷீட்டைத் துடைத்து, ஈரம் காய்ந்த பிறகு, சைலேஜ் டேப்பை ஓட்டையைத் தாண்டி நாலாபக்கமும் நிறைய வரும்படி ஒட்டித் தேய்த்துவிடுங்கள். பார்சல் ஒட்டுகிற பழுப்பு டேப் வெயிலில் சில வாரத்தில் உரிந்துவிடும். கை நுழையும் அளவு பெரிய கிழிசல் என்றால் ஷீட் துண்டு ஒன்றை அடியில் நுழைத்து, விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டி, மேலே ஒரு மூட்டை வையுங்கள். அடியில் அழுகியதை இப்போதே தோண்டி எடுக்கத் தோன்றும். வேண்டாம், தோண்டினால் நல்லதற்கும் காற்று காட்டுகிறீர்கள். அடைத்துவிட்டு, தீவனம் எடுத்துக்கொண்டே அந்த இடம் வரும்போது எடுத்துப் போடுங்கள். அந்த இடத்தை ஷீட் மேல் பெயிண்டால் வட்டம் போட்டு வைத்தால் மறக்காது.

எலி தொல்லைக்கு டேப் தீர்வு இல்லை. குழியைச் சுற்றி ஒரு மீட்டராவது புல், குப்பை, சிந்திய தானியம் இல்லாமல் வைத்தால் எலிக்கு மறைவு இருக்காது. மருந்து வைப்பதென்றால் மாடும் நாயும் தொட முடியாத பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். பறவைக்கு ஷீட் மேல் தடித்த வலை போடுங்கள்.

டயர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். முழு டயரில் மழைத்தண்ணீர் தேங்கிக் கொசு வளரும், பக்கச் சுவரை மட்டும் வெட்டி எடுத்த வளையம் என்றால் அந்தத் தொல்லை இல்லை, தூக்கவும் லேசு. ஆனால் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் டயரை எவ்வளவு சும்மா கிடைத்தாலும் ஏற்றாதீர்கள். உதிர்ந்த கம்பி தீவனத்தில் கலந்தால் மாட்டின் இரண்டாம் இரைப்பையைக் குத்தி, அதை அடுத்திருக்கும் இதயம் வரைக்கும் போகும்.

காற்றடித்தால் ஷீட் படபடக்கிறது

ஷீட் எழும்பித் தாழும் ஒவ்வொரு முறையும் அடியில் புதுக்காற்று இழுபடுகிறது. மூடிய நாளில் இறுக்கமாக இருந்தது எப்படித் தளர்ந்தது என்றால், சைலேஜ் முதல் சில வாரங்களில் அமுங்கும். எனவே இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை போய்த் தொய்வை இழுத்து, பாரத்தை மறுபடி ஒழுங்கு செய்ய வேண்டும். டயர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கும் அளவுக்கு இருந்தால்தான் அது பாரம், இங்கொன்று அங்கொன்று வைப்பது சும்மா.

மேலே குளம், அல்லது அடியில் சாறு வழிகிறது

மேலே தண்ணீர் தேங்கினால் அங்கே பள்ளம் இருக்கிறது, அதாவது அங்கே இறுக்கம் குறைவு. தண்ணீரை ஷீட்டைக் குத்தி வடிக்காமல் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, அடுத்த முறை மேல்பகுதியைச் சரிவாக முடியுங்கள்.

சாறு வழிவது பெரும்பாலும் மூடியின் பிரச்சினை இல்லை. பயிரை ஈரமாக வெட்டியிருக்கிறீர்கள். உலர்பொருள் (ஈரம் போக மிஞ்சுவது) 30 முதல் 35 சதவீதம் இருக்க வேண்டிய மக்காச்சோளத்தை அதற்கு முன்பே வெட்டினால் சாறு வரும். கிணறு, ஓடை பக்கம் அதைப் போகவிடாதீர்கள், தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனை உறிஞ்சி மீனைச் சாகடிக்கும் அளவுக்குக் கடுமையானது. மழை பெய்தால் மட்டும் சாறு அதிகமாகிறது என்றால் விஷயம் வேறு, அப்போது சுவர் ஓரத்தைப் பாருங்கள்.

திறந்த பிறகு வெட்டுமுகம் சூடாகிறது

மூடியிருந்தவரை நன்றாக இருந்தது, திறந்த ஒரு வாரத்தில் கை வைத்தால் சுடுகிறது, மாடு தின்ன யோசிக்கிறது. தெர்மாமீட்டரை 20 செ.மீ. ஆழத்தில் ஒரு தடவை, அரை மீட்டர் ஆழத்தில் ஒரு தடவை குத்திப் பாருங்கள். ஆழத்தைவிட மேலாப்பில் சூடு அதிகம் என்றால் காற்று புகுந்து ஈஸ்ட் வேலை செய்கிறது. இரண்டும் சமமாக லேசான சூடு என்றால் அது நொதித்தபோது வந்த பழைய சூடாக இருக்கலாம், பெரிய குவியலில் அது ஆறப் பல வாரம் ஆகும், கவலை இல்லை.

இதற்கு மூடியைவிட வேகம்தான் மருந்து. குளிர்ந்த பருவத்தில் நாளுக்கு 15 செ.மீ., வெப்பமான பருவத்தில் 30 செ.மீ. ஆழமாவது வெட்டுமுகம் முழுக்க எடுத்துக்கொண்டே போக வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்து மாடு, மாட்டுக்கு 20 கிலோ, மொத்தம் 200 கிலோ. ஒரு கன மீட்டருக்கு 600 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு கன மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. நாளுக்கு 30 செ.மீ. நகர வேண்டுமென்றால் வெட்டுமுகம் கிட்டத்தட்ட ஒரு சதுர மீட்டர்தான் இருக்கலாம்! மூன்று மீட்டர் அகலக் குழி வெட்டி வைத்திருக்கும் பத்து மாட்டுக்காரருக்கு எந்த ஷீட்டும் உதவாது. அவருக்குக் குறுகலான குழி அல்லது சைலேஜைப் பையில் அடைக்கும் மூட்டைதான் பொருத்தம்.

எடுக்கும் விதமும் முக்கியம். மேலிருந்து கீழே சீவி எடுங்கள், மண்வெட்டியால் குத்திக் கிளறினால் விரிசல் வழியாகக் காற்று ஆழத்துக்குப் போகும். ஷீட்டை இரண்டு மூன்று நாளுக்குத் தேவையான அளவு மட்டும் சுருட்டி, அதன் விளிம்பில் வரிசையாக மூட்டை வையுங்கள். அந்த விளிம்பு தூக்கிக்கொண்டு நின்றால் காற்று ஷீட்டுக்கு அடியில் மீட்டர் கணக்கில் பின்னால் போகும். வெட்டுமுகத்தின் மேல் ஷீட்டைத் தொங்கவிட்டு மூடுவது நல்லது என்று நினைக்கிறோம், வெயில் காலத்தில் உள்ளே புழுக்கம் கட்டிப் பூஞ்சைக்கு வசதியாகிவிடும். திறந்தே விடுவது மேல்.

ஆழத்தில் நீலப்பச்சை அல்லது சிவப்பு உருண்டைகள்

நீலப்பச்சை பெரும்பாலும் பெனிசிலியம் என்ற பூஞ்சை, சிவந்த உருண்டை பெரும்பாலும் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சை. இரண்டும் மிகக் கொஞ்சம் ஆக்ஸிஜனிலேயே வளர்பவை, அதனால் ஓட்டை பக்கத்தில் இல்லாமலும் இருக்கலாம். இறுக்கம் குறைந்த இடம், அல்லது பெரிய துண்டுகளாக வெட்டுப்பட்ட தட்டை. உருண்டையை மட்டும் பொறுக்கிவிட்டு மீதியைப் போடலாம் என்பது சரியில்லை. பூஞ்சை நச்சு கண்ணுக்குத் தெரியும் பூஞ்சையைத் தாண்டியும் பரவியிருக்கும், சுற்றியுள்ளதையும் தாராளமாக எடுத்துப் போடுங்கள். முகத்தைக் கட்டிக்கொண்டு எடுங்கள்.

கெட்ட நாற்றம், ஆனால் பூஞ்சை இல்லை

ஊசிப்போன வெண்ணெய் வாடை என்றால் பியூட்ரிக் அமிலம்: பயிர் ஈரமாக இருந்திருக்கும் அல்லது மண் கலந்திருக்கும். புகையிலை, கருகிய சர்க்கரை வாசனையோடு பழுப்பாக இருந்தால் உள்ளே அதிகம் சூடாகியிருக்கிறது. மாடு இதை ஆசையாகத் தின்னும், ஆனால் புரதத்தில் ஒரு பகுதி செரிக்காத நிலைக்குப் போயிருக்கும்.

கெட்டதை நல்லதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து தீர்த்துவிடலாமா?

கூடாது. கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேல் அடுக்கில் கெட்ட சைலேஜைக் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். தீவனம் தின்பதும் செரிமானமும் குறைந்ததோடு, இரைப்பையில் நார்த்தீவனம் மெத்தை போல் மிதந்து நிற்குமே, அந்த அமைப்பே குலைந்து போயிருந்தது. சினை மாட்டுக்கு இன்னும் மோசம், பி.எச். ஏறிய ஓரத்துச் சைலேஜில் லிஸ்டீரியா என்ற பாக்டீரியா வளர்ந்து கருச்சிதைவு வரைக்கும் கொண்டுபோகும். எடுத்து எருக்குழியில் போடுங்கள். மேலே ஏறி அழுகியதைத் தள்ளும்போது வெட்டுமுகத்தின் விளிம்பில் நிற்காதீர்கள்.

மூட்டையிலும் உருளைக் கட்டிலும்

உறை சுற்றிய உருளைக் கட்டில் வெளிப்புறம் முழுக்கப் பூஞ்சை பூத்திருந்தால் சுற்று போதவில்லை, எங்கும் ஆறு அடுக்குக்குக் குறையக் கூடாது. கட்டிய அன்றே சுற்றிவிடுங்கள். தட்டையான முனைகளில்தான் உறை அதிக அடுக்காக விழுகிறது, அதனால் நிமிர்த்தி, முனை கீழே இருக்கும்படி வைத்தால் ஓட்டை விழுவது குறையும்.

சின்ன மூட்டையில் கெட்டது வாய்ப்பக்கம் மட்டும் என்றால் கட்டு தளர்வு. உள்பையின் காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை முறுக்கி, மடித்துக் கட்ட வேண்டும், வெளிச்சாக்கைத் தனியாகக் கட்டுங்கள். அடிப்பக்கம் கெட்டிருந்தால் தரையைப் பாருங்கள், கல்லும் குச்சியும் உள்பையைக் குத்தியிருக்கும். மரச்சட்டம் போட்டு அடுக்கினால் எலியும் அடியில் தங்கிவிடும், சமமான தரையில் பழைய ஷீட் விரித்து அடுக்குவதே தேவலை. இழுத்துப் போடும்போது எந்த மூட்டையாவது கிழிந்தால் அன்றே டேப் ஒட்டி, அதைத் தனியாக வைத்து முதலில் தீர்த்துவிடுங்கள்.